மாத்திரை விற்ற காசு பாட்டுக்குப் போயிற்று!

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் "மருந்து" என்று சொன்னால் இரண்டு பொருள் உண்டு.

ஒன்று, காய்ச்சலுக்குச் சாப்பிடுவது. மற்றொன்று, வெடிக்குள் அடைப்பது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாம் இந்தப் பக்கத்தில் மருந்துதான். அளவு கொஞ்சம் மாறினால் என்ன நடக்கும் என்பது இங்குள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மருந்து என்றால் அளவு. அளவு என்றால் உயிர்.

இதே வட்டாரத்தில் பொங்கல் திருவிழா வந்துவிட்டால் இன்னொரு பேச்சு கிளம்பும். "ராத்திரி நாடகம் உண்டா?" என்பதுதான் அது. பெரும்பாலும் "வள்ளி திருமணம்". வேலன், வேடன், விருத்தன் வருவார்கள். வள்ளி தர்க்கம் செய்வாள். மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் கட்டையில் விரல் வைத்தால்தான் ராஜபார்ட் வாய் திறப்பார்.

அந்த மேடைக்குச் சிவகாசி கொடுத்த பெரிய நடிகர் விசுவநாததாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். முடி திருத்துவதோடு நாட்டு வைத்தியமும் பார்த்து வந்த மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். நாடக மேடையில் தேசப் பாட்டுப் பாடினார். போலீசார் பிடித்தார்கள். வெளியே வந்ததும் மீண்டும் பாடினார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் "வள்ளி திருமணம்" நாடகம். முருகனாக மயில் மீது அமர்ந்திருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

அவர் மருத்துவர் குடும்பத்தில் பிறந்து பாட்டுக்குப் போனவர். வைத்தியத்தையும் விடாமல், பாட்டையும் விடாமல், இரண்டையும் ஒரே வீட்டில் வைத்து வளர்த்த ஒருவர் அவருக்கு முன்னே இருந்தார். அவரும் தென்பாண்டிச் சீமைக்காரர்தான்.

அவர்தான் ஆபிரகாம் பண்டிதர்!

அவர் நாடகக்காரர் அல்ல. ஆனால் அந்த மேடை ஆர்மோனியத்தின் 12 கட்டைகளுக்காக இந்தியாவின் சங்கீத வித்வான்களோடு வழக்காடியவர். அந்த வழக்குக்கு அவர் சாட்சிக்கு அழைத்ததும் ஒரு பழைய நாடக மேடையைத்தான். அதைப் பின்னால் பார்ப்போம்.

வாத்தியார் வைத்தியர் ஆனார்

ராஜபாளையம் தாண்டித் தெற்கே போனால் சுரண்டைப் பக்கத்தில் சாம்பவர் வடகரை என்று ஓர் ஊர். அப்போது திருநெல்வேலி மாவட்டம், இன்று தென்காசி மாவட்டம். அங்கே 1859 ஆகஸ்ட் 2-ந் தேதி ஆபிரகாம் பிறந்தார். தந்தை முத்துசாமி நாடார். தாய் அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம்.

பதினேழு, பதினெட்டு வயதில் ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் போனார். போன இடத்தில் அவர் பாடத்தை மட்டும் படிக்கவில்லை. போட்டோ பிடிக்கக் கற்றார். அச்சுத் தொழில் கற்றார். சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் பிடில் கற்றார். எதைப் பார்த்தாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் குணம் அவருக்கு. இந்தக் குணம் இருப்பவர்கள் சில நேரம் வீட்டாரைப் படுத்துவார்கள். நாட்டுக்கு அவர்களால் நன்மைதான்.

வைத்தியத்தில் அவருக்கு ஆசை வந்தது. மூலிகை தேடி மலைகளில் அலைந்தார். 1877-ல் சுருளி மலைக்குப் போனார். அங்கே கருணானந்தர் என்ற துறவியைக் கண்டார் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. மருந்து செய்யும் முறைகள் பலவற்றை அந்தத் துறவி சொல்லிக் கொடுத்தார்.

இவர் வேதாகமம் படிக்கிற கிறிஸ்தவர். அவர் குகையில் தவம் செய்கிற சித்தர். நோய்க்கும் மருந்துக்கும் மதம் ஏது? கடைசி வரையில் கருணானந்தரைக் குருவாகவே வணங்கினார். தோட்டம் வாங்கினார், அதற்குக் கருணானந்தபுரம் என்று பெயர். புத்தகம் எழுதினார், அதற்குக் கருணாமிர்த சாகரம் என்று பெயர். இரண்டிலும் குருவின் பெயர் ஒலிப்பதைக் காணலாம்.

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்து கொண்டார். கணவன், மனைவி இருவரும் தஞ்சாவூருக்கு வந்து, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பகலில் பள்ளிக்கூடம். மற்ற நேரம் மருந்து அரைப்பு. பொன்னம்மாளுக்கும் மருந்துக் கைப்பக்குவம் உண்டு.

மருந்து கேட்டு வருகிறவர்கள் பெருகினார்கள். 1890-ல் அவர் வாத்தியார் வேலையை உதறினார். முழு நேர வைத்தியர் ஆனார். நாட்டு வைத்தியரைப் பண்டிதர் என்று அழைப்பது வழக்கம். ஆபிரகாம், ஆபிரகாம் பண்டிதர் ஆனார்.

கோரோசனை மாத்திரை

அவர் பெயரை ஊர் ஊராகக் கொண்டு போனது ஒரு மாத்திரை. கோரோசனை மாத்திரை!

கோரோசனை என்பது மாட்டின் பித்தப் பையில் உண்டாகும் ஒரு பொருள். பழைய வீடுகளில் பாட்டிமார் கைமருந்துப் பெட்டியில் இது கட்டாயம் இருக்கும். பிள்ளைக்குச் சளி என்றால் தாய்ப்பாலில் இழைத்து நாக்கில் தடவுவார்கள். அந்தக் காலத்தில் கைக்கு எட்டிய மருந்து அதுதான்.

பண்டிதரின் மாத்திரைகள் தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. இலங்கைக்குப் போயின. பர்மாவுக்குப் போயின. தமிழன் கூலி வேலைக்கும் வியாபாரத்துக்கும் போன இடமெல்லாம் பின்னாலேயே மாத்திரையும் போயிற்று. பணம் வந்தது. நிறைய வந்தது.

தஞ்சைக்கு வெளியே தோட்டம் வாங்கினார். மூலிகை வளர்த்தார். கரும்பில் புதுப்புது வகைகளைப் பயிர் செய்து பார்த்தார். கண்காட்சிகளில் பரிசு வாங்கினார். சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் ஆர்தர் லாலி தோட்டத்துக்கு வந்து பார்த்தார். ஊர் ஜனங்கள் கருணானந்தபுரம் என்றெல்லாம் சொல்லவில்லை. "பண்டிதர் தோட்டம்" என்றார்கள்.

ஓர் அச்சகமும் வைத்தார். கவர்னர் பெயரில் லாலி அச்சகம். மின்சாரத்தில் ஓடிய இயந்திரம். சிவகாசிக்காரர்களுக்கு இதன் அருமை புரியும். 1920-களில் தீப்பெட்டித் தொழில் வந்து, தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சுத் தொழில் வந்து, இந்த வறண்ட பூமி பிழைத்தது அல்லவா? அதற்கு முன்பே ஒரு நாட்டு வைத்தியர் தஞ்சையில் மின்சார அச்சகம் வைத்திருந்தார்!

1909-ல் அரசாங்கம் அவருக்கு "ராவ் சாகிப்" பட்டம் கொடுத்தது. பட்டம், பணம், தோட்டம், பிள்ளைகள் எல்லாம் இருந்தன. இன்னொருவராக இருந்தால் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பார்.

பண்டிதரோ பிடிலைக் கையில் எடுத்தார்.

அர்த்தம் தெரியாத பாட்டு

அப்போது பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது எப்படி? சரளி வரிசை, அலங்காரம், அதன் பிறகு கீதம், வர்ணம், கீர்த்தனை. இவற்றில் பெரும்பாலானவை தெலுங்கு அல்லது சமஸ்கிருதம். தமிழ்ப் பிள்ளை அவற்றை நெட்டுருப் போடும். என்ன பாடுகிறோம் என்று அதற்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்கிறவருக்கே தெரியாத இடமும் உண்டு.

பண்டிதர் அந்த ராகங்களை எடுத்துக் கொண்டார். கீதமும் வர்ணமும் கீர்த்தனையும் தமிழில் தாமே கட்டினார். 90-க்கும் மேற்பட்ட பாட்டுகள்! பெரும்பாலும் பக்திப் பாட்டுகள். சுர தாளக் குறிப்போடு அவற்றைப் புத்தகமாக அச்சிட்டார். 1907-ல் வெளிவந்த அந்த நூலின் பெயர் "கருணாமிர்த சாகரத் திரட்டு". தமிழ் இசைக்காகச் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது 1943-ல். அதற்கு 36 வருஷம் முன்பே நடந்த காரியம் இது.

அவர் வீட்டுப் பெண்களும் பாடினார்கள். வீணை வாசித்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள் நாலு பேர் முன்னால் பாடலாமா என்று ஊர் கேட்ட காலம் அது. பண்டிதர் காதில் போட்டுக் கொள்ளவில்லை.

பாட்டுக் கட்டப் போன இடத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் பிடித்தது. சாதாரண சந்தேகம் அல்ல. அவருடைய சொத்தில் பெரும் பங்கைச் சாப்பிட்ட சந்தேகம்!

பன்னிரண்டா? இருபத்திரண்டா?

ஆர்மோனியத்தைப் பாருங்கள். "ச"வில் தொடங்கி மேல் "ச" வருவதற்குள் வெள்ளையும் கறுப்புமாக 12 கட்டைகள். 12 சுரங்கள்.

ஆனால் பழைய வடமொழி நூல்கள் வேறு கணக்குச் சொல்கின்றன. பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் நாடகத்துக்கு இலக்கணம் சொல்லும் நூல். அதில் 22 சுருதிகள் என்று இருக்கிறது. 13-ம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரமும் 22 என்கிறது. சுருதி என்றால் காது பிரித்தறியும் சின்னச் சின்னப் படிகள்.

22 படிகள் என்றால் அவற்றை எப்படிப் பங்கிடுவது? ஒரு வித்வான் ஒரு மாதிரி சொன்னார். இன்னொருவர் வேறு மாதிரி சொன்னார். பண்டிதருக்கு இது பொறுக்கவில்லை. வைத்தியர் அல்லவா! பற்பத்துக்குப் புடம் போடும்போது வறட்டியை எண்ணிப் போடுகிறவர். மருந்தில் "ஏறக்குறைய" என்பது உண்டா?

அவர் கம்பியை எடுத்து அளந்தார். வீணைக் கம்பியைச் சரிபாதியில் அழுத்தினால் மேல் "ச" ஒலிக்கும். மூன்றில் ஒரு பங்கை அடைத்து மீதியை மீட்டினால் "ப" ஒலிக்கும். இது எவரும் செய்து பார்க்கலாம்.

"ச"வுக்கு "ப" பிடிப்பது போல, அந்தப் "ப"வையே "ச"வாக வைத்து அதற்கு ஒரு "ப" பிடியுங்கள். அதற்கும் ஒரு "ப". இப்படி 12 தடவை போனால் தொடங்கிய "ச"வுக்கே திரும்பி வருவோம். வட்டம் முடிந்துவிடும்.

முடிகிறதா? இங்கேதான் சிக்கல். கணக்குப் போட்டால், ஒன்றரை மடங்கு ஒன்றரை மடங்காக 12 தடவை போனபோது ஏறக்குறைய 129¾ மடங்கு வருகிறது. ஏழு "ச" ஏறினால் வருவது 128 மடங்கு. கொஞ்சம் இடிக்கிறது! வளையல் செய்கிற தட்டான் கம்பியை வளைத்துக் கொண்டு வந்தபோது, இரண்டு முனையும் நூலிழை அளவு தாண்டிப் போனது போல.

அந்த நூலிழையை என்ன செய்வது? சிலர் அதை அப்படியே விட்டுச் சின்னதும் பெரியதுமாகச் சுருதிகளை வகுத்தார்கள். பண்டிதர் ஒப்பவில்லை. வட்டம் என்றால் கூட வேண்டும் என்பது அவர் கட்சி. 12 சுரமும் சரிசமமான இடைவெளியில் நிற்க வேண்டும். ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் 24 சுருதி. 22 என்பது தவறு என்று அடித்துச் சொன்னார்.

மேடை ஆர்மோனியத்தின் கட்டைகளும் இதே சம அளவில்தான் வைக்கப்படுகின்றன. பெரிய வித்வான்கள் பலர் ஆர்மோனியத்தை மதித்ததில்லை. 1940-ல் அகில இந்திய வானொலியே அதை வெளியே வைத்தது. அது திரும்பி வரப் பல வருஷம் ஆயிற்று. நாடகக்காரர்கள் மட்டும் அதை விடவில்லை.

மாதவி ஏறிய மேடை

பண்டிதருக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

சிலப்பதிகாரத்திலிருந்து!

1892-ல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பழைய உரையோடு அச்சிட்டார். காப்பியம் முழுமையாக அச்சில் வந்தது. எல்லோரும் கண்ணகி கதையைப் படித்தார்கள். பண்டிதர் மேடையைப் படித்தார்.

மாதவி முதன் முதலில் ஆடுவதற்கு ஏறிய அரங்கை இளங்கோவடிகள் அளவு போட்டே சொல்கிறார். மூங்கிலில் 24 பெருவிரல் அளவுக்கு ஒரு கோல் வெட்ட வேண்டும். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. நுழையவும் வெளியேறவும் இரண்டு வாசல். ஆடல் ஆசிரியர், இசை ஆசிரியர், பாட்டெழுதும் புலவர், தண்ணுமை, குழல், யாழ் வாசிப்போர் யார் யார், எப்படிப்பட்டவர் என்று எல்லாம் இருக்கிறது. இன்றைய ஒப்பந்தக்காரருக்கு மேடை போட இதைவிடத் தெளிவான குறிப்புக் கிடைக்காது.

மதுரைப் பக்கம் ஆய்ச்சியர் ஆடிய குரவைக் கூத்தும் அதில் வருகிறது. ஏழு பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள். அவர்களுக்கு ஏழு சுரங்களின் பெயர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். நாம் ச, ரி, க, ம, ப, த, நி என்கிறோமே, அதற்குத் தமிழ்ப் பெயர்கள் அவை.

பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள்! பண்டிதர் அந்த வட்டத்தைப் பிடித்துக் கொண்டார். உரையாசிரியர்கள் வட்டப்பாலை என்று சொல்வதை எடுத்தார். பன்னிரண்டு ராசிகளையும் வட்டமாக எழுதி, அவற்றில் சுரங்களை நிறுத்தினார். ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்ற நான்கு முறைகளுக்கும் கணக்குப் போட்டார். நம் முன்னோர் கூத்தாடிய மேடையிலேயே இந்த இலக்கணம் இருந்தது, அதை நாம் மறந்துவிட்டோம் என்றார்.

சொந்தச் செலவில் மாநாடு

வீட்டுக்குள் இருந்து கணக்குப் போட்டால் போதுமா? வித்வான்கள் ஒப்ப வேண்டாமா?

1912 மே 27-ந் தேதி தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தின் முதல் மாநாடு கூடியது. பாடகர்கள் வந்தார்கள். வீணை வித்வான்கள் வந்தார்கள். சாத்திரம் படித்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வரவேற்பு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் பண்டிதர் செலவு. ராஜா செய்கிற காரியத்தை ஒரு வைத்தியர் செய்தார். அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. 1914 முடிவதற்குள் ஆறு மாநாடுகள்!

ரங்கூனில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்கு வாங்கிய மாத்திரையின் காசு, தஞ்சையில் ஒரு வித்வானின் சாப்பாட்டு இலையாக மாறியது. அந்தத் தாய்க்கு இது தெரியாது. வித்வானும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

1916 மார்ச் மாதம் பரோடா மகாராஜாவின் ஆதரவில் அகில இந்திய சங்கீத மாநாடு நடந்தது. வட நாட்டு இசை மேதை பாத்கண்டே அதை முன்னின்று நடத்தினார். பண்டிதர் குடும்பத்தோடு ரயில் ஏறினார். 24 சுருதி பற்றிப் பேசினார். பேச்சோடு விடவில்லை. அவருடைய பெண்மக்கள் சபையில் இசைத்துக் காட்டினார்கள்.

எதிர்க் கட்சியும் சும்மா வரவில்லை. 22 சுருதி ஒலிக்கும்படி செய்த விசேஷ ஆர்மோனியம் ஒன்று அந்த மாநாட்டுக்கு வந்திருந்தது! தேவல் என்ற மராட்டிய அறிஞரும், கிளெமெண்ட்ஸ் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரியும் அதற்குப் பின்னால் நின்றார்கள். எந்தக் கணக்கு சரி என்று அங்கே தீர்ப்பாகவில்லை.

ஆயிரம் பக்கத்துக்கு மேல்

தீர்ப்பு வராவிட்டால் என்ன, எழுதி வைத்துவிடுவோம் என்று பண்டிதர் நினைத்திருக்க வேண்டும். 1917-ல் "கருணாமிர்த சாகரம்" வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட புத்தகம். எழுதியதும் அவர். அச்சிட்டதும் அவர் அச்சகம். எத்தனை கணக்கு, எத்தனை அட்டவணை, எத்தனை ராசிச் சக்கரம்! படிப்பவருக்குத் தலை சுற்றும். எழுத்துக் கோத்த அச்சுத் தொழிலாளிகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அதில் உள்ளவை எல்லாம் சரியா?

அப்படிச் சொல்ல முடியாது. கடல் கொண்ட தென்னாடு பற்றி அவர் எழுதியதை இன்றைய ஆராய்ச்சியாளர் அப்படியே ஏற்பதில்லை. சுருதிக் கணக்கையும் எல்லோரும் ஒப்பவில்லை. இலங்கையில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947-ல் யாழ் நூலை வெளியிட்டார். அதே சிலப்பதிகாரம்தான். ஆனால் அவருக்கு வந்த கணக்கு 22. பண்டிதரின் மகன் வரகுண பாண்டியன் அதை மறுத்து 1950-ல் ஒரு நூல் எழுதினார். தந்தையின் வழக்கை மகன் தொடர்ந்தார்!

இதில் நமக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. நல்ல பாடகர் தோடி ராகம் பாடும்போது ஒரு சுரத்தை அசைக்கிறாரே, அந்த அசைவு 22-லும் அடங்காது, 24-லும் அடங்காது. அதைப் பண்டிதரும் அறிந்திருப்பார், அவரும் பிடில் பிடித்தவர்தானே. இருந்தாலும் தமிழ்க் கூத்து நூலைத் திறந்து வைத்து, இதற்குள் இசைக் கணக்கு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று ஊரைக் கூட்டியவர் அவர். பின்னால் வந்தவர்கள் அவரோடு சண்டை போட்டதும் அவர் திறந்த பக்கத்தை வைத்துத்தான்.

புத்தகம் வந்து இரண்டே வருஷம். 1919 ஆகஸ்ட் 31-ந் தேதி ஆபிரகாம் பண்டிதர் காலமானார். அப்போது வயது அறுபது. அவர் வளர்த்த மூலிகைக்கும் கரும்புக்கும் நடுவே, கருணானந்தபுரம் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

இரண்டாம் பாகத்துக்காக அவர் எழுதி வைத்திருந்த தாள்கள் வீட்டில் இருந்தன. பிள்ளைகள் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்து, 27 வருஷம் கழித்து, 1946-ல் புத்தகமாக வெளியிட்டார்கள்.